சிமுலேட்டர் டெலிமெட்ரி பாக்கெட்டைப் பிரித்துப் படிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேசியா பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளில் ரேஸிங் சிமுலேட்டர் ஓட்டுகிறவர்கள் பலர் சொந்தமாக டாஷ்போர்டும் லேப் அலசலும் செய்ய ஆசைப்படுகிறார்கள். எல்லோரும் இடறுவது அநேகமாக ஒரே இடங்களில்தான். அந்தச் சந்தேகங்கள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. முக்கிய உதாரணம் எஃப்1 23 என்ற ஃபார்முலா 1 ரேஸிங் கேம். அதன் பாக்கெட் அமைப்பைத் தயாரித்தவர்களே வெளியிட்டிருப்பதால் ஊகத்துக்கு இடமில்லை. வேறு பெயர் சொல்லாத இடங்களில் வரும் எண்கள் எல்லாம் அதன் 2023 வடிவத்துக்கு உரியவை. மற்ற கேம்கள் கடைசியில் வருகின்றன.

டெலிமெட்ரி பாக்கெட்னா என்ன? அதுல என்னதான் வருது?

கார் ஓடும்போது வேகம், கியர், பெடல், டயர் சூடு, இருக்கும் இடம் எல்லாவற்றையும் கேம் நொடிக்குப் பலமுறை யுடிபி (பதில் எதிர்பார்க்காமல் நெட்வொர்க்கில் அனுப்பும் முறை) வழியாக வெளியே அனுப்புகிறது. ஒவ்வொரு அனுப்பலும் ஒரு பாக்கெட். அது எழுத்து வடிவில் இருக்காது. வெறும் பைட்களின் வரிசை. "வேகம் = 287" என்று எங்கும் எழுதியிருக்காது. எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது, எத்தனை பைட் நீளம், எந்த வகை எண் என்ற மூன்றையும் வைத்துத்தான் அது வேகம் என்று நமக்குத் தெரியும்.

அதனால் ஒரு பைட் தள்ளிப் படித்தாலும் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் கெடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது, தப்பான எண்தான் வரும். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே வருவதற்கு அதுதான் காரணம்.

கேம்ல எதையெல்லாம் ஆன் பண்ணணும்?

செட்டிங்ஸில் டெலிமெட்ரி பக்கம் போங்கள். யுடிபி டெலிமெட்ரி ஆன். பிராட்காஸ்ட் (நெட்வொர்க்கில் உள்ள எல்லாக் கருவிக்கும் அனுப்புவது) ஆஃப். ஐபி முகவரி, உங்கள் புரோகிராம் ஓடும் கணினியுடையது. கேமும் புரோகிராமும் ஒரே கணினியில் என்றால் 127.0.0.1. போர்ட் 20777. அனுப்பும் வேகம் முதலில் 20 ஹெர்ட்ஸ் போதும், எல்லாம் சரியானபின் 60 ஆக்கலாம். யுடிபி வடிவம் 2023. "உங்கள் டெலிமெட்ரி" என்பதைப் பொதுவாக வையுங்கள். அது ஏன் என்பது பின்னால் வருகிறது.

ஒண்ணுமே வரல. கேம் அனுப்புதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

முதலில் காரை டிராக்கில் இறக்குங்கள். மெனுவில் நின்றுகொண்டு கார் பாக்கெட்டுக்குக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். பிறகு வயர்ஷார்க் என்ற, நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்களைக் காட்டும் மென்பொருளைத் திறந்து யுடிபி போர்ட் 20777 என்று வடிகட்டிப் பாருங்கள். அங்கே தெரிகிறது, புரோகிராமுக்கு மட்டும் வரவில்லை என்றால் கேம் மேல் குற்றமில்லை. விண்டோஸ் ஃபயர்வால் தடுக்கிறது, அல்லது புரோகிராம் தவறான முகவரியில் காது வைத்திருக்கிறது. வயர்ஷார்க் ஃபயர்வாலுக்கு முன்னாலேயே பாக்கெட்டைப் பார்த்துவிடும். புரோகிராமை 0.0.0.0 முகவரியில் பிணையுங்கள். வீட்டு வைஃபையை விண்டோஸ் "பப்ளிக்" என்று குறித்திருந்தால் "பிரைவேட்" ஆக்குங்கள்.

வயர்ஷார்க்கிலும் இல்லையென்றால் கேமில் போட்ட ஐபியைச் சரிபாருங்கள். நம் ஊரில் இதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு: லோட்ஷெடிங். கரண்ட் போய்த் திரும்பி ரவுட்டர் மறுபடி எழுந்தபின் உங்கள் லேப்டாப்புக்கு வேறு ஐபி கிடைத்திருக்கலாம். கேம் இன்னும் பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். யுடிபியில் "பெற்றேன்" என்ற பதில் கிடையாது, ஆகவே கேமுக்கு அது தெரியவே தெரியாது. ரவுட்டரில் அந்தக் கணினிக்கு ஒரு நிலையான முகவரியை ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

பாக்கெட் வருது. முதல்ல எதைப் பார்க்கணும்?

நீளத்தை. உள்ளே ஒரு பைட்டைக்கூடப் படிக்கும் முன் வந்த பாக்கெட்டின் நீளத்தை அச்சிடுங்கள். மோஷன் 1349, செஷன் 644, லேப் டேட்டா 1131, ஈவென்ட் 45, பங்கேற்பாளர்கள் 1306, கார் டெலிமெட்ரி 1352, கார் ஸ்டேட்டஸ் 1239, கார் டேமேஜ் 953, செஷன் ஹிஸ்டரி 1460, மோஷன் எக்ஸ் 217. இந்த எண்கள் தெரிந்தால் வடிவம் சரி. கார் டெலிமெட்ரி 1347 என்று வந்தால் யுடிபி வடிவம் 2022-இல் நிற்கிறது. அந்த வடிவத்தில் ஹெடர் (பாக்கெட்டின் தலைப்பகுதி) 5 பைட் குறைவு.

நீளத்தைச் சரிபார்க்கும் வரியைச் சோதனை முடிந்ததும் அழித்துவிடாதீர்கள். எதிர்பார்த்த நீளம் இல்லாத பாக்கெட்டைத் தூக்கிப்போடும் அந்த ஒரு வரி, கேம் அப்டேட் வரும் நாளில் உங்கள் மாலைப்பொழுதைக் காப்பாற்றும்.

ஹெடர்ல என்னென்ன இருக்கு?

எல்லாப் பாக்கெட்டின் முதல் 29 பைட்டும் ஒரே மாதிரி. 0, 1 ஆம் பைட்களில் வடிவ ஆண்டு. 2-இல் கேம் ஆண்டு. 3, 4-இல் கேமின் பதிப்பு எண்கள். 5-இல் பாக்கெட்டின் பதிப்பு. 6-இல் பாக்கெட் வகை. 7 முதல் 14 வரை எட்டு பைட் செஷன் அடையாள எண். 15 முதல் 18 வரை செஷன் நேரம், நொடியில், ஃப்ளோட் (நான்கு பைட் தசம எண்). 19 முதல் 22 வரை ஃபிரேம் எண். 23 முதல் 26 வரை மொத்த ஃபிரேம் எண். 27-இல் உங்கள் காரின் வரிசை எண். 28-இல் திரையைப் பிரித்து ஆடும் இரண்டாம் ஆட்டக்காரரின் வரிசை எண். அப்படி யாரும் இல்லையென்றால் 255.

பாக்கெட் வகை: 0 மோஷன், 1 செஷன், 2 லேப் டேட்டா, 3 ஈவென்ட், 4 பங்கேற்பாளர்கள், 5 செட்டப், 6 கார் டெலிமெட்ரி, 7 கார் ஸ்டேட்டஸ், 8 இறுதி வரிசை, 9 லாபி, 10 டேமேஜ், 11 செஷன் ஹிஸ்டரி, 12 டயர் செட், 13 மோஷன் எக்ஸ். முதலில் 6-ஆம் பைட்டைப் பாருங்கள், பிறகுதான் மற்றது. மோஷனிலும் டெலிமெட்ரியிலும் ஒரு காருக்கு 60 பைட்தான். வகையைப் பார்க்காமல் ஒன்றை மற்றதாகப் படித்தால் புரோகிராம் உடையாது. பொய் எண்களை அமைதியாகக் காட்டிக்கொண்டே இருக்கும்.

முதல் ரெண்டு பைட் 231, 7ன்னு வருது. இது எப்படி 2023?

சிறிய பைட் முன்னால், பெரிய பைட் பின்னால் என்பது இந்த வடிவத்தின் விதி. இதற்கு லிட்டில் எண்டியன் என்று பெயர். 7 × 256 = 1792; அதோடு 231 சேர்த்தால் 2023. தலைகீழாகப் படித்தால் 231 × 256 + 7 = 59143 வரும். ஆண்டு 59143 என்று உங்கள் திரையில் தெரிந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், பைட் வரிசைதான் தவறு.

ஹெடரின் தொடக்கத்திலேயே நமக்குத் தெரிந்த ஓர் எண்ணை வைத்திருப்பது பெரிய வசதி. சோதனையை எப்போதும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

என் காரோட டேட்டா எங்க இருக்கு? முதல் கார் என்னுது இல்லையா?

இல்லை. 22 கார்களுக்கும் இடம் உண்டு. உங்களுடையது எது என்று ஹெடரின் 27-ஆம் பைட் சொல்லும். அது 19 என்று வைத்துக்கொள்வோம். கார் டெலிமெட்ரியில் உங்கள் தொடக்கம் 29 + 19 × 60 = 1169. அங்கிருந்து வரும் பைட்கள் இப்படி இருக்கின்றன என்று கொள்ளுங்கள்:

31 1 | 0 0 64 63 | 0 0 0 0 | 0 0 0 0 | 0 | 7 | 74 46

முதல் இரண்டு வேகம்: 1 × 256 + 31 = 287 கிமீ. அடுத்த நான்கு த்ராட்டில், அதற்கடுத்த நான்கு ஸ்டீயரிங், பிறகு நான்கு பிரேக். ஒரு பைட் கிளட்ச், ஒரு பைட் கியர், இரண்டு பைட் ஆர்பிஎம்: 46 × 256 + 74 = 11850. ஏழாவது கியரில் 287 கிமீ என்பது நம்பத்தக்கதாக இருக்கிறது அல்லவா? வேகத்தைத் தலைகீழாகப் படித்திருந்தால் 7937 கிமீ வந்திருக்கும்.

டைம் டிரையலில் உங்கள் எண் 0 ஆக இருக்கக்கூடும். அதை மட்டும் சோதித்துவிட்டு "வேலை செய்கிறது" என்று முடிவுகட்டியவர்களின் புரோகிராம் முதல் ரேஸில் வேறொருவர் காரைக் காட்டும். 22 இடங்களும் நிரம்பியிருக்க வேண்டும் என்பதில்லை. 20 பேர் ஓடும் ரேஸில் மீதி இரண்டு இடங்கள் சும்மா கிடக்கும். உயிருள்ள கார்களின் எண்ணிக்கை பங்கேற்பாளர்கள் பாக்கெட்டில், ஹெடருக்கு அடுத்த பைட்டில் இருக்கிறது.

0 0 64 63 எப்படி 0.75 ஆச்சு? கையால போட்டுக் காட்டுங்களேன்.

திருப்பிப் போடுங்கள்: 63 64 0 0. பிட்களாக எழுதினால் 63 என்பது 00111111, 64 என்பது 01000000, மீதி எல்லாம் சுழி. முதல் பிட் குறி: 0, அதாவது நேர் எண். அடுத்த எட்டு பிட் 01111110, மதிப்பு 126. அதிலிருந்து 127 கழித்தால் −1, ஆகவே இரண்டின் −1 அடுக்கு, அதாவது அரை. மீதி பிட்கள் 1-இல் தொடங்கி அப்புறம் எல்லாம் சுழி, அது 0.5. மறைந்திருக்கும் 1-ஐச் சேர்த்தால் 1.5. அரை பெருக்கல் 1.5 = 0.75. பெடல் முக்கால் மிதிக்கப்பட்டிருக்கிறது.

இதை ஒருமுறை கையால் செய்துவிட்டால் 0 0 128 63 என்பது 1.0 என்று கண்ணுக்கே பழகிவிடும். பெடலை முழுதாக மிதித்துக்கொண்டு பாக்கெட்டில் அந்த நான்கு பைட்டையும் தேடினால் த்ராட்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஆவணம் இல்லாமலே கண்டுபிடிக்கலாம். புதிய கேம்களில் மிகவும் கைகொடுக்கும் வழி இதுதான். ஃப்ளோட் எண்கள் எல்லாம் 0.00…023 போல மிகச் சிறியதாகவோ நம்பமுடியாத அளவு பெரியதாகவோ வந்தால் இடம் தள்ளிப்போயிருக்கிறது, அல்லது பைட் வரிசை தலைகீழ்.

சி++ல ஸ்ட்ரக்ட் ஆவணத்துல இருக்கற மாதிரியே எழுதினேன். ஹெடர்ல வடிவ ஆண்டு சரியா வருது, மத்தது எல்லாம் குப்பை.

கம்பைலர் நடுவில் வெற்றுப் பைட்களைச் செருகியிருக்கிறது. நான்கு பைட் ஃப்ளோட் நான்கால் வகுபடும் இடத்தில் தொடங்க வேண்டும், எட்டு பைட் எண் எட்டால் வகுபடும் இடத்தில் தொடங்க வேண்டும் என்பது அதன் வழக்கம். கேமோ இடைவெளியே இல்லாமல் நெருக்கி அடுக்கி அனுப்புகிறது. அதனால் 29 பைட் ஹெடர் உங்கள் பக்கம் 32 ஆகிறது. 60 பைட் கார் 64 ஆகிறது. மேலே சொன்ன 19-ஆம் காரை 1169-இல் தேடுவதற்குப் பதில் 1248-இல் தேடுவீர்கள், 79 பைட் தள்ளி.

பேக் பிரக்மாவை 1 என்று வைத்து, ஸ்ட்ரக்ட்கள் முடிந்ததும் பழைய நிலைக்குத் திருப்புங்கள். கூடவே ஒவ்வொரு ஸ்ட்ரக்டின் அளவும் ஆவண எண்ணுக்குச் சமம் என்று ஸ்டேட்டிக் அசெர்ட் போடுங்கள். 29, 60, 1352 என்ற மூன்றுக்கும் போட்டால் தவறு கம்பைல் செய்யும்போதே பிடிபடும்.

பைத்தான்ல ஸ்ட்ரக்ட் மாட்யூலுக்கும் இதே பிரச்சினையா?

ஆமாம், வேறு வேடத்தில். வடிவச் சரத்தின் முதல் எழுத்தாகச் 'சிறியது' குறியைப் போட்டால் லிட்டில் எண்டியன், இடைவெளி இல்லை. போடாவிட்டால் உங்கள் கணினியின் வழக்கப்படி இடைவெளி விடும். கார் டெலிமெட்ரிக்கு வரிசை: எச், மூன்று எஃப், பெரிய பி, சிறிய பி, எச், இரண்டு பெரிய பி, எச், நான்கு எச், நான்கு பெரிய பி, மறுபடி நான்கு பெரிய பி, எச், நான்கு எஃப், நான்கு பெரிய பி. கால்க்சைஸ் கேட்டால் குறியோடு 60, குறி இல்லாமல் 64. ஹெடருக்கு 29, 30. எழுதி முடித்ததும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள்.

ரிவர்ஸ் போட்டா கியர் 255ன்னு காட்டுது.

கியர் குறியுள்ள ஒரு பைட் எண். −1 ரிவர்ஸ், 0 நியூட்ரல், 1 முதல் 8 வரை மற்றவை. குறியில்லாததாகப் படித்தால் −1 தான் 255 ஆகும். பைத்தானில் சிறிய பி, பெரிய பி வித்தியாசம் இதுதான்.

இடது முன் டயரைப் பூட்டினா டாஷ்ல இடது பின் சூடாகுது. ஏன்?

நான்கு நான்காக வரும் எதிலும் வரிசை பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. முன்னால் இருந்து எண்ணுவதுதான் நமக்கு இயல்பு என்பதால் அநேகமாக எல்லோரும் முதலில் இதைத் தவறவிடுகிறோம். ஃபோர்ஸாவில் வரிசை முன்னிருந்து தொடங்கும், ஆக ஒரு கேமின் கோடை மற்றதற்குத் தூக்கிப்போட்டால் இது கட்டாயம் மாறும்.

சோதிக்க எளிய வழி: இடது பக்கச் சக்கரங்களை மட்டும் புல்லில் ஓட்டுங்கள். டெலிமெட்ரியின் கடைசி நான்கு பைட் ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் என்ன தரை என்று சொல்லும். எந்த இரண்டு மாறுகின்றன என்று பாருங்கள்.

கூட ஓட்டறவனோட பெட்ரோல், டயர் தேய்மானம் எல்லாம் சுழியாவே இருக்கு. டேங்க் காலியான கார் எப்படி ஓடும்?

அவர் தம் டெலிமெட்ரியைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறார். ஆன்லைன் ரேஸில் எதிராளியின் பெட்ரோல், பேட்டரி, டயர் தேய்மானம் போன்றவற்றை அவர் அனுமதிக்காமல் கேம் காட்டாது. அந்த இடங்களில் சுழி வைக்கும். பாக்கெட் நீளம் மாறாது. பங்கேற்பாளர்கள் பாக்கெட்டில் ஒவ்வொருவருக்கும் இதற்கான புலம் உண்டு: 0 கட்டுப்பாடு, 1 பொது. அது 0 என்றால் உங்கள் திரையில் சுழியைக் காட்டாமல் கோடு போடுங்கள். இல்லாத தகவலை எண்ணாகக் காட்டினால், அதை நம்பி ஒருவர் பிட் முடிவு எடுத்துவிடுவார்.

டிராக் மேப் வரைஞ்சேன். கண்ணாடியில பார்க்கற மாதிரி திரும்பியிருக்கு.

மோஷன் பாக்கெட்டில் இடம் மீட்டரில் வருகிறது: எக்ஸ், ஒய், இசட். இதில் ஒய் உயரம். மேப்புக்கு எக்ஸும் இசட்டும்தான் வேண்டும். திரையில் செங்குத்து அச்சு கீழ்நோக்கி வளர்வதாலும், வரைபட நூலகத்தில் மேல்நோக்கி வளர்வதாலும் ஒரே புள்ளிகள் ஒன்றில் நேராகவும் மற்றதில் திரும்பியும் வரும். ஏதாவது ஓர் அச்சின் குறியை மாற்றுங்கள். முதல் வளைவு இடதா வலதா என்று பார்த்தாலே விடை தெரிந்துவிடும்.

அதே பாக்கெட்டில் காரின் முகம் பார்க்கும் திசை 16 பிட் முழு எண்ணாக வருகிறது. 32767-ஆல் வகுத்தால் −1 முதல் 1 வரை கிடைக்கும்.

சேஃப்டி கார் லேப்ல செக்டர் நேரம் 12.300ன்னு வருது. ரெக்கார்டா?

இல்லை, அது 1:12.300. செக்டரின் மில்லிநொடி இரண்டு பைட் எண். அதில் 65535-க்கு மேல் அடங்காது, அதாவது 65.535 நொடி. மெதுவான லேப்பில் அது போதாது. அதனால் 2023 வடிவத்தில் முழு நிமிடங்கள் பக்கத்திலேயே தனி பைட்டில் வருகின்றன. இரண்டையும் சேர்த்தால்தான் செக்டர் நேரம். முழு லேப் நேரம் நான்கு பைட், அங்கே இந்தச் சிக்கல் இல்லை.

லேப் டேட்டாவில் இன்னொன்று: தொடக்கக் கோட்டைத் தாண்டும் முன் லேப் தூரம் எதிர்மறையாக வரலாம். அதை நேராக வரிசை எண்ணாகப் பயன்படுத்தினால் சில மொழிகளில் புரோகிராம் விழும், பைத்தானில் பட்டியலின் கடைசியைத் தொடும்.

ஃப்ளாஷ்பேக் பண்ணினா கிராஃப் ரெண்டு கோடா ஆயிடுது.

காலம் பின்னால் போகும்போது செஷன் நேரமும் ஃபிரேம் எண்ணும் கூடவே பின்னால் போகின்றன. அழிந்துபோன ஓட்டம் உங்கள் கோப்பில் இன்னும் இருக்கிறது, புதிய ஓட்டம் அதன் மேல் ஏறுகிறது. ஈவென்ட் பாக்கெட்டில் ஹெடருக்கு அடுத்து நான்கு எழுத்துக் குறி வரும்; பைட்களில் 70 76 66 75 என்று வந்தால் அது ஃப்ளாஷ்பேக். அடுத்த நான்கு பைட், எந்த ஃபிரேமுக்குத் திரும்பியது என்று சொல்லும். அந்த எண்ணுக்கு மேலுள்ள உங்கள் பதிவுகளை நீக்குங்கள்.

மொத்த ஃபிரேம் எண் பின்னால் போகாது. நீக்க வேண்டாம், இரண்டு ஓட்டத்தையும் ஒப்பிட வேண்டும் என்றால் அதை வைத்துப் பிரியுங்கள். 2022 வடிவத்தில் அந்த எண் கிடையாது.

வேகம் ஒரு பாக்கெட்ல, இடம் இன்னொண்ணுல. எப்படிச் சேர்க்கறது?

ஃபிரேம் எண்ணால். வந்து சேர்ந்த நேரத்தால் சேர்க்காதீர்கள். வைஃபையில் அது ஆடும். ஃபிரேம் எண்ணைச் சாவியாக வைத்து, வரும் பாக்கெட்களை அதன் கீழ் போடுங்கள். சில ஃபிரேம் தள்ளியும் ஜோடி வராவிட்டால் அது தொலைந்தது, விட்டுவிடுங்கள். செஷன் பாக்கெட் நொடிக்கு 2 முறை, பங்கேற்பாளர்கள் 5 நொடிக்கு ஒருமுறை. இவற்றை ஃபிரேமோடு பொருத்தப் பார்க்க வேண்டாம்; கடைசியாக வந்ததை வைத்துக்கொள்ளுங்கள்.

டாஷ் ஆப்பும் என் புரோகிராமும் ஒரே நேரத்துல வேணும். போர்ட் பிஸின்னு சொல்லுது.

ஒரு போர்ட்டை ஒரு புரோகிராம் பிடித்தால் மற்றது காத்திருக்க வேண்டியதுதான். உங்கள் புரோகிராம் 20777-இல் வாங்கி, வந்த பைட்களை மாற்றாமல் 20778-க்கு அனுப்பட்டும். டாஷ் ஆப்பை அங்கே திருப்புங்கள். பத்து வரிக் கோடு.

பிராட்காஸ்ட் போட்டால் எல்லாக் கருவிக்கும் போகுமே என்று தோன்றும். வயரில் சரி. வைஃபையில் வேண்டாம். 60 ஹெர்ட்ஸில் அடிக்கடி வரும் ஐந்து பாக்கெட்களும் (மோஷன், லேப், டெலிமெட்ரி, ஸ்டேட்டஸ், மோஷன் எக்ஸ்) சேர்ந்து ஒரு ஃபிரேமுக்கு 5288 பைட், நொடிக்கு சுமார் 2.5 மெகாபிட். பிராட்காஸ்டை வைஃபை தன் அடிப்படை வேகத்தில்தான் அனுப்பும், 2.4 கிகாஹெர்ட்ஸில் பல ரவுட்டர்களில் அது 1 மெகாபிட். இரண்டரைப் படி அரிசியை ஒரு படிப் பாத்திரத்தில் கொட்டுவது போல. வீட்டில் மற்றவர்களின் வாட்ஸ்அப் அழைப்பும் அதோடு போகும்.

நான் சாட்ஸ்வொர்த்துல ஓட்டறேன், அண்ணன் லெனேசியால இருந்து ரேஸ் இன்ஜினியரா பார்க்கணும். முடியுமா?

முடியும். கேமிலிருந்து நேராக அனுப்ப வேண்டாம். முதலில் மேலே சொன்னது போல உங்கள் கணினியில் வாங்குங்கள். பிறகு விபிஎன் (இணையத்தின் வழியே இரு இடங்களை இணைக்கும் தனிவழி) வழியாக அவருக்குத் தேவையானதை மட்டும் அனுப்புங்கள். முழுவதையும் 60 ஹெர்ட்ஸில் அனுப்பினால் மணிக்கு 1.1 ஜிபிக்கு மேல். அவர் ப்ரீபெய்ட் டேட்டாவில் இருந்தால் பாவம். ஹெடர் 29, உங்கள் கார் 60, மொத்தம் 89 பைட்டை 20 ஹெர்ட்ஸில் அனுப்பினால் மணிக்குச் சுமார் 6.4 எம்பி. அதோடு நொடிக்கு ஒருமுறை ஸ்டேட்டஸும் டேமேஜும் போதும், இன்ஜினியருக்கு வேண்டியது எல்லாம் கிடைத்துவிடும்.

முழுப் பாக்கெட்தான் வேண்டும் என்றால் ஒரு கண்ணி இருக்கிறது. சாதாரண நெட்வொர்க்கில் ஒரு யுடிபி பாக்கெட்டுக்கு 1472 பைட் வரை இடம் உண்டு. 1460 பைட் செஷன் ஹிஸ்டரி அதில் மயிரிழையில் அடங்குகிறது. வயர்கார்டு விபிஎன்னில் வழக்கமான அளவு 1420, யுடிபிக்கு 1392 தான் மிஞ்சும். செஷன் ஹிஸ்டரி துண்டாகும், ஒரு துண்டு தொலைந்தாலும் முழுதும் போகும். "எல்லாம் வருது, லேப் வரலாறு மட்டும் வரல" என்ற புகாரை விபிஎன் வைத்திருப்பவர் சொன்னால் இங்கே பாருங்கள்.

ஒவ்வொரு தடவையும் கேமை ஓட்டிதான் சோதிக்கணுமா? கரண்ட் போனா வேலையே நடக்கறதில்ல.

வேண்டாம். ஒரு ரேஸை அப்படியே பைட்டாகப் பதிந்துகொள்ளுங்கள்: 8 பைட் நேரம், 2 பைட் நீளம், பிறகு பாக்கெட். பிரித்த எண்களைச் சேமிக்காதீர்கள், மூல பைட்டைச் சேமியுங்கள். நாளைக்கு உங்கள் பிரிப்பில் தவறு கண்டுபிடித்தால் மூலம் கையில் இருக்கும். திரும்ப அனுப்பும் சிறு புரோகிராம் ஒன்று அதே இடைவெளியில் 127.0.0.1-க்கு அனுப்பட்டும். லேப்டாப் பேட்டரியிலேயே இரண்டு மணி நேரம் வேலை செய்யலாம், கேமும் ரவுட்டரும் தேவையில்லை.

ஜாவாஸ்கிரிப்ட்ல செஷன் எண் கோப்புல இருக்கறதோட ஒத்துப்போகல. கடைசி இலக்கங்கள் மட்டும் மாறுது.

அது எட்டு பைட் எண். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் 9007199254740992 வரைதான் பிசகாமல் எண்ணும், அதற்கு மேல் வட்டமிடும். பிக்இன்ட் வகையாகப் படித்து, சேமிக்கும்போது எழுத்துச் சரமாக்குங்கள். டேட்டாவியூவில் படிக்கும் ஒவ்வொரு முறையும் லிட்டில் எண்டியன் என்பதற்கு 'ட்ரூ' தர மறக்க வேண்டாம்; தராவிட்டால் தலைகீழாகப் படிக்கும்.

இஎஸ்பி32ல கியர் லைட் செய்யறேன். பதினஞ்சு எல்இடிக்கும் தனித்தனியா கணக்குப் போடணுமா?

தேவையில்லை, கேமே போட்டு அனுப்புகிறது. காரின் தொடக்கத்திலிருந்து 20-ஆம் பைட்டில் இரண்டு பைட் எண் ஒன்று. அதன் 0-ஆம் பிட் இடக்கோடி விளக்கு, 14-ஆம் பிட் வலக்கோடி. மதிப்பு 31 என்றால் இடமிருந்து ஐந்து விளக்கு எரிய வேண்டும்.

இஎஸ்பி32 என்ற சிறு வைஃபை சிப் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பேசும், எனவே பிராட்காஸ்ட் பற்றிச் சொன்னது இங்கே இரு மடங்கு பொருந்தும். ஃப்ளோட் படிக்கும்போது பஃபருக்குள் சுட்டியை வைத்து நேராக எடுக்காதீர்கள். மெம்காப்பியால் ஒரு மாறிக்குள் பிரதி எடுங்கள். நான்கால் வகுபடாத இடத்தில் ஃப்ளோட்டைத் தொட்டால் சில சிப்கள் நின்றே போகும், இந்த வடிவத்தில் அப்படிப்பட்ட இடங்கள்தான் அதிகம்.

புது வருஷ கேம் வந்தா எல்லாத்தையும் திரும்ப எழுதணுமா?

உடனே வேண்டாம். புதிய கேமிலும் யுடிபி வடிவத்தைப் பழைய ஆண்டுக்கு வைக்கும் வசதி உண்டு. அதில் ஓட்டிக்கொண்டே மெதுவாக மாற்றலாம். கோடில் இட எண்களை ஆங்காங்கே தூவாமல் வடிவ ஆண்டுக்கு ஓர் அட்டவணை வைத்தால் வேலை ஒரு மாலையில் முடியும்.

கியாலமில ஓட்டணும். அதுக்கு இதே புரோகிராம் போதுமா?

போதாது. எஃப்1 23-இல் கியாலமி இல்லை. அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனேயில், இன்டர்கான்டினென்டல் ஜிடி பேக்கில் இருக்கிறது. அங்கே பெடலும் வேகமும் யுடிபியில் வராது. அதே விண்டோஸ் கணினியின் பகிர்ந்த நினைவகத்தில் இயற்பியல், திரை, நிலையான தகவல் என்று மூன்று பக்கங்களாக இருக்கும். அங்கே கியர் 0 ரிவர்ஸ், 1 நியூட்ரல், 2 தான் முதல் கியர். எஃப்1 கோடை அப்படியே கொண்டுபோனால் எப்போதும் ஒரு கியர் அதிகம் காட்டும்.

அதன் யுடிபி ஒளிபரப்பு இணைப்பு வேறு வேலைக்கு: கார்களின் இடம், லேப் நேரம், ஓட்டுநர் பெயர். பெயர்கள் நிலையான அளவில் வராது. முதலில் இரண்டு பைட் நீளம், பிறகு அத்தனை பைட் எழுத்து. ஆகவே அதில் "இத்தனையாவது பைட்" என்ற கணக்கு செல்லாது, வரிசையாகப் படித்துக்கொண்டே நகர வேண்டும்.

ஃபோர்ஸா, கிரான் டூரிஸ்மோ 7க்கு?

ஃபோர்ஸாவில் ஹெடரே கிடையாது, நீளம்தான் அடையாளம். 232 என்றால் ஸ்லெட் வடிவம், 311 என்றால் மோட்டார்ஸ்போர்ட் 7-இன் டாஷ், 324 என்றால் ஹொரைசன் 4 அல்லது 5, 331 என்றால் 2023-இல் வந்த மோட்டார்ஸ்போர்ட். ஹொரைசனில் 232-க்குப் பிறகு 12 பைட் கூடுதலாக வந்து மற்றதைத் தள்ளிவிடுகிறது. மோட்டார்ஸ்போர்ட் 7-க்கு எழுதியதை இங்கே ஓட்டி வேகம் தவறாக வருவது அதனால்தான். முதல் நான்கு பைட் சுழி என்றால் ரேஸ் ஓடவில்லை, மீதியைப் படிக்க வேண்டாம். வேகம் நொடிக்கு மீட்டரில் வரும், 3.6-ஆல் பெருக்குங்கள்.

கிரான் டூரிஸ்மோ 7 தானாக அனுப்பாது. பிளேஸ்டேஷனின் 33739 போர்ட்டுக்கு 65 என்ற ஒற்றைப் பைட்டை அனுப்பினால் 33740-இல் 296 பைட் பாக்கெட் வரத் தொடங்கும், அந்தப் பைட்டைச் சில நொடிக்கு ஒருமுறை மறுபடி அனுப்பாவிட்டால் நின்றுவிடும். வருவது சல்சா20 என்ற மறையாக்க முறையில் பூட்டப்பட்டிருக்கும். பயன்படுத்துகிறவர்கள் கண்டுபிடித்துப் பகிர்ந்த வழி இது, தயாரித்தவர்கள் வெளியிட்டதல்ல. கேம் அப்டேட்டில் மாறக்கூடும். பூட்டைத் திறந்தபின் முதல் நான்கு பைட் 48 83 55 71 என்று இருந்தால் சரியாகத் திறந்திருக்கிறது, வேறு எதுவாக இருந்தாலும் அந்தப் பாக்கெட்டைப் படிக்காதீர்கள்.